கணக்குக் கேட்ட ஆறு மாதம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் குவைத் நாட்டிற்குச் சென்றிருந்தோம். நம் தம்பி அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் கணக்கனாயிருந்தான். வெள்ளிக்கிழமை ஓய்வுநாளாதலின், கடற்கரையிலுள்ள அறிவியல் மையத்துக்கு நம்மை அழைத்துச் சென்றான். அதன் புறத்தே ஒரு பழைய மரக்கலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 'பதஹ் அல்கைர்' என்பது அதன் பெயர். எண்ணெய்க்கு முந்திய காலத்துப் பெரும் பாய்க்கப்பல்களில் எஞ்சி நிற்பது இதுவே என்றும், 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டதென்றும் அறிந்தோம்.

"இந்த ஊரில் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை, அண்ணா. இந்நாட்டுக் குடிகளுக்குப் பள்ளிக்கூடம் இலவசம், வைத்தியம் இலவசம். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?" என்றான் தம்பி. நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அக்கப்பல் பிறந்த ஆண்டின் வரலாற்றைப் பின்னர்ப் படித்தபோதுதான் விடை ஒருவாறு விளங்கிற்று. நேயர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

குவைத்தில் ஆறில்லை; கழனியில்லை. கடலே அம்மக்களுக்கு வயல். கோடையில் முத்துக் குளிப்பார்கள். மற்றப் பருவத்தில் பஸராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் மேலைக்கரைக்கும் ஆப்பிரிக்காவின் கீழைக்கரைக்கும் பாய் விரிப்பார்கள். கப்பல் கட்டும் தேக்கு மலையாளக் கரையிலிருந்து வந்தது. முத்துக் குளிப்போன் நிலையோ இரங்கத்தக்கது. பருவத் தொடக்கத்தில் கப்பல் தலைவனிடம் முன்பணம் வாங்குவான். பருவ முடிவில் கடன் தீராது. தந்தை பட்ட கடன் மகனைப் பற்றும். கணக்குப் புத்தகம் எழுதுவோன் கையிலிருந்தது. மூச்சடக்கி மூழ்குவோனுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

ஆயினும் அக்காலத்து அரசனுக்கு ஓர் அச்சம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் ஆண்டுவரும் ஸபாஹ் குடும்பத்தின் பொக்கிஷம் பெரும்பாலும் வியாபாரிகள் கட்டும் சுங்கத்தையும் வரியையும் நம்பியிருந்தது. 1899இல் பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஷேக் முபாரக் பின்னாளில் வரியை மிகுத்தபோது, முன்னணி முத்து வியாபாரிகள் சிலர் 1910ஐ ஒட்டி ஊரைத் துறந்து வெளியேறினர். ஷேக் இறங்கிவந்து அவர்களை வருந்தி அழைக்க நேர்ந்தது. கொடுக்கும் கை விலகினால் வாங்கும் கை வெறுங்கையாகும் அன்றோ!

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானியரின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துத் தொழிலைக் கவிழ்த்தன. 1934இல் ஷேக் அஹமது அல்ஜாபிர், பிரிட்டிஷ், அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டு கூடி அமைத்த குவைத் எண்ணெய்க் கம்பெனிக்கு 75 ஆண்டு உரிமை எழுதிக் கொடுத்தார். 1938 பிப்ரவரியில் புர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது.

அவ்வாண்டின் நடுவில் மற்றொன்றும் பிறந்தது. ஏறத்தாழ 150 குடும்பத் தலைவர்கள் கூடி, 14 உறுப்பினர் கொண்ட சட்டசபையைத் தேர்ந்தெடுத்தனர். ஷேக்கின் பங்காளியாகிய அப்துல்லா அல்ஸாலிம் அதற்குத் தலைவரானார். சபை சில வரிகளை நீக்கிற்று. பள்ளிகளைப் பெருக்க முயன்றது. இறுதியாக, எண்ணெய்க் கம்பெனி செலுத்தும் பணம் பொதுக் கணக்கில் சேரவேண்டும் என்றது. அங்கேதான் வந்தது வினை. டிசம்பரில் சபை கலைக்கப்பட்டது. அதன் பின் கூடிய மற்றொரு சபையும் 1939இல் ஒழிந்தது.

அச்சபையை நாம் மிகைபடப் புகழவில்லை. முத்துக் குளிப்போனுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கு இல்லவே இல்லை. எனினும், 'வருவது எவ்வளவு, செலவாவது எதற்கு?' என்று கேட்க ஒரு வாய் ஆறு மாதம் திறந்திருந்தது. உலகப் போர் முடிந்து, 1946இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியபின், அரசனுக்கு வியாபாரியின் சுங்கம் வேண்டியதில்லையாயிற்று. எண்ணெய்க் கிணறு கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவதில்லை!

பின்வந்தவை யாவும் இருளே என்றும் சொல்லோம். அந்தப் பழைய சபைத் தலைவர் அப்துல்லா அல்ஸாலிமே 1950இல் ஆட்சிக்கு வந்தார். 1961இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1962இல் அவர் அளித்த அரசியல் சாசனம், அரசுரிமையை முபாரக்கின் வழியினருக்கு வைத்த அதே ஏட்டில், அதிகாரங்களுக்கெல்லாம் ஊற்று மக்களே என்றும் எழுதிற்று. 1976இல் வருங்காலத் தலைமுறைக்கென்று ஆண்டு வருவாயில் பத்திலொரு பங்கை ஒதுக்கச் சட்டம் செய்தனர். 1990 ஆகஸ்டில் ஈராக்கின் படை நாட்டைப் பிடித்தபோது, வெளிநாட்டில் சேர்த்திருந்த பெரும் பொருளே நாடிழந்த அரசாங்கத்தைத் தாங்கிற்று. 2005இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 2009இல் நால்வர் சபையேறினர்.

ஆயினும் சபையின் கதவு திறப்பதும் அடைப்பதும் அரண்மனையின் விருப்பமாகவே இருந்து வந்தது. 1976இலும் 1986இலும் அடைத்தார்கள். பல்லாண்டு கழித்தே திறந்தார்கள். 2024 மே மாதத்தில் அமீர் மீண்டும் சபையைக் கலைத்து, நான்கு ஆண்டுக்கு மேற்படாமல் என்று சொல்லிச் சாசனத்தின் சில விதிகளை நிறுத்திவைத்தார். இலவசப் பள்ளியும் வைத்தியமும் அதனால் நின்றுவிடவில்லை. நம் தம்பி கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவன் மனமுவந்து கொடுக்கும் வரையில் கொடைக்கும் உரிமைக்கும் வேற்றுமை தெரிவதில்லை.

அந்நாட்டு மக்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் அந்நியத் தொழிலாளர் குடும்பத்தினர். நம் தம்பியும் அவர்களுள் ஒருவன். பன்னிரண்டு ஆண்டு அந்நாட்டில் கணக்கெழுதினான். அங்கே தங்கும் அனுமதியே முதலாளியின் கையெழுத்தைச் சார்ந்திருந்தது. முத்துக் குளிப்போன் இருந்த இடத்தில் இன்று யார் நிற்கின்றனர் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பிறர் குறையைச் சொன்னோம். நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். நாம் பொருளாளராயிருந்த ஒரு சிறு வாசகசாலைக்குச் செல்வர் ஒருவர் ஆண்டுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். சந்தா வசூலிக்க வீடுவீடாய் அலையும் தொல்லை தீர்ந்ததென்று மகிழ்ந்தோம். மூன்றே ஆண்டில், ஆண்டுக் கூட்டத்திற்கு வருவோர் இலர். நாம் வரவு செலவைப் படித்தால் கேட்பதற்கு எதிரே நாற்காலிகளே இருந்தன. குவைத்திலிருந்து திரும்பிய பின்னர்த்தான் அதன் பொருள் நமக்கு விளங்கியது. அடுத்த கூட்டத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு வெள்ளியாயினும் கட்டவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒருவர் எழுந்து, "சென்ற மூன்றாண்டுக் கணக்கை முதலில் காட்டுங்கள், ஐயா!" என்று அதட்டினார்.

நாம் மகிழ்ச்சியோடு ஏட்டைத் திறந்தோம்.