சான்றிதழ் இல்லா விசுவாசம்

சான்று காட்டாத எதையும் ஏற்காத காலம் இது. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் பிறப்புச் சான்று, நியாய விலைக் கடைக்குக் குடும்ப அட்டை, வங்கிக்குக் கையொப்பமிட்ட பத்திரம் என்று வாழ்வின் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு தாள் கேட்கப்படுகிறது. உலக காரியங்களுக்கு இது தேவையே. ஆயினும் இறைவன் திருமுன்னும் நின்று, 'முதலில் உறுதிப் பத்திரம் தாரும். பின்னர் விசுவசிக்கிறோம்' என்று நாம் கேட்கத் தொடங்கும்போது, விசுவாசம் என்னும் சொல்லின் பொருளையே இழந்துவிடுகிறோம்.

ஒரு தாள் மனிதரை என்ன செய்யும் என்பதை நம் நீலகிரித் தோட்டங்களில் வாழ்வோர் பலர் தம் குடும்ப வரலாற்றிலேயே கண்டவர்கள். அவர்களுடைய முன்னோர் இலங்கையின் மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி மறு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து அவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை அளிப்பதற்காகவே 1968-இல் தமிழ்நாடு அரசு இம்மலைகளில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. கையில் தாள் இருந்தது. ஆனால் புதிய மண்ணில் வாழ்வு எவ்வாறு அமையும் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

அவ்வாறு வந்த தாய் ஒருவர் நம் பங்கில் உண்டு. வந்தபோது அவருக்கு எட்டு வயது. சில ஆண்டுகளுக்கு முன், திருப்பூருக்கு வேலைக்குச் சென்ற அவருடைய மகன் சாலை விபத்தில் இறந்தான். குருவை அழைக்கவோ, நோயில்பூசுதல் பெறவோ நேரம் இருக்கவில்லை. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அத்தாய் நம்மிடம் வந்து, "சாமி, என் பிள்ளை ஆண்டவரிடம்தான் இருக்கிறானா? நிச்சயமாகச் சொல்லுங்கள்" என்றார்.

குருமடத்தில் நாம் தத்துவமும் இறையியலும் பயின்றோம். இறைவன் உண்டு என்பதற்குப் புனித தோமா அக்குவினார் காட்டிய ஐந்து வழிகளை மனப்பாடம் செய்தோம். இயற்கை அறிவின் ஒளியாலும் இறைவனை அறியக்கூடும் என்று 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் போதித்ததையும் அறிவோம். ஆனால் அத்தாய் கேட்டது அதுவன்று. ஒரு மனிதனின் இறுதி நொடியில் அவனுக்கும் அவனைப் படைத்தவருக்கும் இடையே நிகழ்ந்ததை எந்தப் பாடநூல் சொல்லும்?

"அம்மா, அதற்குச் சான்று எழுதித் தர நமக்கு அதிகாரம் இல்லை. அவனுக்காக உயிர் கொடுத்தவர் கையில் அவனை ஒப்படைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் பீடத்தில் ஒப்படைப்போம்" என்றோம்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "கப்பல் ஏறின அன்றைக்கு எந்த ஊருக்குப் போகிறோம் என்று எனக்குத் தெரியாது சாமி. அப்பா கையைப் பிடித்திருந்தேன்" என்றார். அழுகை நிற்கவில்லை. ஆனால் மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்தார்; இன்றும் வருகிறார்.

விசுவாசத்திற்கும் ஓர் உறுதி உண்டு, அன்பர்களே. அது கண்ணால் கண்டதன் உறுதியன்று. வாக்களித்தவர் பொய்யர் அல்லர் என்பதன் உறுதி. முதுபிதா ஆபிரகாமைப் பற்றி எபிரேயர் திருமுகம் போற்றிச் சொல்வதும் இதுவே. போகுமிடம் அறியாமல் அவர் புறப்பட்டார்; அழைத்தவரை அறிந்திருந்தார்.

புனிதர்களுக்கு மட்டும் எல்லாம் தெளிவாய் இருந்தது என்று எண்ணுதல் வேண்டா. கொல்கத்தா அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இறைப்பிரசன்னத்தை உணராத உள்ளிருளில் அவர் வாழ்ந்தார் என்பதை அவை காட்டின. அவ்விருளிலும் செபத்தையும் ஏழைகளையும் அவர் கைவிடவில்லை. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நம் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவாத்து செய்கிறார்கள். இலையெல்லாம் நீங்கி, பட்ட கட்டைகளாக அவை நிற்கும். உயிர் இருக்கிறதா என்று அறிய எவரும் வேரைத் தோண்டிப் பார்ப்பதில்லை. அவ்வாறு செய்தால் செடி செத்துவிடும். களை பறித்து, உரமிட்டுக் காத்திருக்கிறார்கள்.

பசுந்தேயிலையின் விலை நாளை என்னவாகும், சமவெளிக்குப் போன பிள்ளைகள் திரும்புவார்களா, மருத்துவமனையிலிருந்து என்ன செய்தி வரும் என்னும் கேள்விகள் நம் இல்லங்களில் நிறைந்துள்ளன. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை செபத்தை ஒத்திவைக்க வேண்டா. குடும்பமாக மாலைச் செபமாலை சொல்லுங்கள். துயருற்ற அடுத்த வீட்டாரிடம் ஒருநாள் சென்று அமருங்கள். ஞாயிறு நற்கருணைப் பந்திக்கு வாருங்கள். பாதை முழுவதையும் காட்டும்படி கேளாமல், இன்றைக்குரிய அடியை எடுத்து வைப்பதே விசுவாச வாழ்வு. கைப்பிடித்து நடத்தும் தந்தை நம்மோடு இருக்கிறார்.