இருளின் பன்மை

அரபு மொழி பயிற்றும் ஆசிரியனுக்கு ஒருமையும் பன்மையும் நாள்தோறும் கையாளும் கருவிகள். அவற்றுள் ஒன்றை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் சற்றே நின்று செல்வதுண்டு. திருமறையில் ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ என்னும் சொல் எங்கும் ஒருமையாகவே வருகின்றது. இருளைக் குறிக்கும் ‘ளுலுமாத்’ என்னும் சொல்லோ எங்கும் பன்மையாகவே வருகின்றது. நேர்வழி ஒன்று, வழிகேடுகள் பல என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தருவர். அவ்விளக்கத்தைப் பாடமாக ஓதியவன் நான். ஆனால் இருள் என்பது உண்மையிலேயே ஒன்றன்று, பல என்பதைக் கண்ணால் காணும்படி எனக்குக் கற்பித்தது, கழுத்தில் தொங்கிய ஒரு காமிரா.

மௌலவி ஒருவருக்குக் காமிராவின் மீது என்ன மோகம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். படம் எடுப்பது பற்றி ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை நான் அறியாதவனல்லன். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், காமிரா செய்வது படைத்தலன்று, விழுந்த நிழலைப் பிடித்து வைத்தலே என்று வாதித்து அதனை அனுமதித்தார்கள். அதனை ஏற்காத பெரியோர்களும் உளர். அவ்வாதத்தை இங்கே விரிக்க நான் முற்படவில்லை. மங்கிய ஒளியில் படம் எடுக்கும் ஆர்வமுடைய ஓர் எளியவன், அவ்வார்வம் தன்னை எங்கெங்கு இட்டுச் சென்றது என்பதைச் சொல்லவே விழைகின்றேன்.

உண்மையில், மங்கிய ஒளியை அளக்கும் பயிற்சி மதரஸாவிலேயே தொடங்கிவிடுகின்றது. தொழுகை நேரங்கள் பற்றிய பாடத்தை ஓதியவர்கள் இதனை அறிவர். கிழக்கே செங்குத்தாக எழுந்து மறையும் வெளிச்சம் பொய்ப்புலரி. அடிவானத்தில் கிடையாகப் பரவுவது மெய்ப்புலரி. மாலையில் ‘ஷஃபக்’ மறைந்தால் இஷாவின் நேரம் தொடங்கும். அந்த ஷஃபக் என்பது மேற்கின் செம்மையே என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. செம்மைக்குப் பின் எஞ்சி நிற்கும் வெண்மை என்பது இமாம் அபூஹனீபா அவர்களின் கூற்று. இவ்வளவு நுட்பமாக இருளைப் பகுத்துப் பார்க்கப் பழகிய ஒருவனுக்கு, அதனைப் படமாக்கும் ஆசை எழுந்தால் வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

1993ஆம் ஆண்டில், துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் மச்சான், தாம் பயன்படுத்தி அலுத்த பென்டாக்ஸ் கே1000 காமிராவை எனக்கு அளித்தார். அதன் தோலுறையின் மணமும், லென்ஸின் வளையத்தைத் திருப்பும்போது விரலில் உணரப்படும் ‘கிளிக்’ என்னும் சிறு தடுக்கலும் இன்றும் என் நினைவிலுள்ளன. முப்பத்தாறு படங்கள் எடுக்கக்கூடிய ஒரு பிலிம் சுருளை மூன்று மாதங்கள் வைத்திருந்து செலவிடுவேன். ஆசிரியனின் ஊதியத்தில் அதற்கு மேல் இடமில்லை. பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் எவருக்கும் நன்றாகவே அமைந்தன. மஃக்ரிபுக்குப் பின் எடுத்தவையே எனக்குச் சவாலாயின.

காமிராவினுள் ஒளி புகும் கணக்கு மூன்று பொருள்களால் ஆனது: துளையின் அகலம், துளை திறந்திருக்கும் நேரம், ஒளியை ஏற்கும் பிலிமின் கூருணர்வு. துளையின் அளவை 1.4, 2, 2.8, 4, 5.6 என்று எண்களால் குறிப்பர். இவற்றில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகக் குறையும். எண் பெருகத் துளை சிறுக்கின்றதே என்று மயங்குவோர்க்கு ஒரு சொல்: அவ்வெண் பின்னத்தின் கீழ் எண் போன்றது, கால் என்பது அரையைவிடச் சிறியதன்றோ? என் காமிராவின் லென்ஸ் எஃப் 2. பிலிமோ 400 எண்ணுடையது. ஓர் அரிக்கன் விளக்கின் அருகே அமர்ந்தவரை இவற்றைக் கொண்டு படமெடுக்க வேண்டுமாயின், துளை ஏறத்தாழக் கால் வினாடி திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்த காமிராவை அவ்வளவு நேரம் அசையாமல் நிறுத்துதல் அரிது. எதிரே இருப்பவர் மூச்சு விட்டாலும் படம் கலங்கும்.

இங்கேதான் கருவிகளின் மீதான மோகம் பிறக்கின்றது. இன்னும் அகன்ற கண்ணுடைய லென்ஸ் ஒன்று இருந்தால்! இவ்வேக்கம் பலரையும் பிடித்து ஆட்டியிருக்கின்றது. 1924இல் ஜெர்மனியில் வெளிவந்த எர்மனாக்ஸ் என்னும் சிறு காமிரா, அக்காலத்தில் வியப்புக்குரியதாயிருந்த எஃப் 2 லென்ஸைத் தாங்கி வந்தது. கேனன் நிறுவனம் 1961இல் எஃப் 0.95 லென்ஸை வெளியிட்டது. ஸைஸ் நிறுவனம் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கென எஃப் 0.7 என்னும் லென்ஸைப் பத்தே பத்து எண்ணிக்கையில் செய்தது. அவற்றுள் மூன்றை வாங்கிய ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநர், 1975இல் வந்த ‘பாரி லிண்டன்’ திரைப்படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்திகளின் ஒளியிலேயே பதிவு செய்தார். இச்செய்திகளையெல்லாம் நான் கிதாபுகளின் அடிக்குறிப்புகளைப் போல் மனனம் செய்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் என்னைப் போன்ற ஆர்வலர் இன்னொருவர் உண்டு. இரும்புக் கடை நடத்துபவர். அவருடைய அலமாரியில் ஒன்பது லென்ஸ்கள் உள்ளன. சுவரிலோ ஒரு படமும் இல்லை. மதரஸாவில் நாங்கள் முதலில் ‘மத்னு’ என்னும் மூலத்தை ஓதுவோம். அதன்பின் ‘ஷரஹு’ என்னும் உரை. பின்னரே ‘ஹாஷியா’ என்னும் உரைக்குறிப்பு. மூலத்தை மனத்தில் ஏற்றாமல் ஹாஷியாக்களாக வாங்கி அடுக்கும் மாணவர் சிலரும் உண்டு. லென்ஸ் சேர்ப்போரைக் காணும்போது எனக்கு அவர்கள் நினைவே வரும். எஃப் 1.8 லென்ஸிலிருந்து எஃப் 1.2 லென்ஸுக்கு மாறினால் கிடைக்கும் ஒளி இரண்டேகால் மடங்குதான்; விலையோ பெரும்பாலும் பத்து மடங்கிற்கும் மேற்படும். அன்றியும், துளை அகல அகலக் கூர்மையாகத் தெரியும் பகுதி குறுகிவிடும். ஒரு மீட்டர் தொலைவிலிருப்பவரை ஐம்பது மில்லிமீட்டர் எஃப் 1.2 லென்ஸால் எடுத்தால், கூர்மையின் ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டரே. இமை தெளியும், காது கரையும்.

இத்துறையின் மூலம் எதுவென்று தேடினால், அது நம் அரபு நூல்களிடம் கொண்டு சேர்க்கின்றது. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் ஹைஸம், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் தம் ஒளியியல் நூலில் ஒரு சோதனையை விளக்குகின்றார். ஒரு துளையின் முன் பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். துளைக்கு அப்பால் இருண்ட இடம். ஒவ்வொரு விளக்குக்கும் உரிய ஒளிப்பொட்டு எதிர்ச்சுவரில் தனித்தனியே தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் மறையும். திரையை நீக்கினால் அதே இடத்திற்கு மீளும். ஒரே துளை வழியே புகுந்தும் ஒளிகள் தம்முள் கலந்து குழம்பவில்லை என்பதை அவர் இவ்வாறு நிறுவினார். இதனை நான் மின்வெட்டு இரவொன்றில் மூன்று விளக்குகளையும் ஓட்டையிட்ட ஓர் அட்டையையும் கொண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கின்றேன். விலையுயர்ந்த லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதெல்லாம் நல்ல இருள்.

பின்னர் டிஜிட்டல் காமிரா வந்தது. பிலிம் காலத்தில் 400 எண் எனக்கு எல்லையாக இருந்தது. புதிய கருவிகளில் 3200, 6400 என்று எளிதாக ஏறலாம். ஆயினும் அதற்கும் ஒரு விலை உண்டு. ஒளி என்பது மழைத்துளிகளைப் போல் துகள்துகளாக வந்து விழுவது. ஓரிடத்தில் சராசரியாக நூறு துகள்கள் விழுமாயின், அவ்வெண்ணிக்கை பத்து வரை கூடவோ குறையவோ செய்யும். அது பத்தில் ஒரு பங்குப் பிழை. பத்தாயிரம் விழுமாயின் ஏற்ற இறக்கம் நூறுதான். நூற்றில் ஒரு பங்கு. ஆகவே இருளில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தோன்றும் புள்ளிகள் கருவியின் குறை மட்டுமன்று. ஒளியின் இயல்பே அது. எத்தனை பொருள் செலவிட்டாலும் வராத ஒளியை வாங்க இயலாது.

இன்றைய கைபேசிகள் இதற்கும் ஒரு வழி கண்டுவிட்டன. கூகிள் நிறுவனம் 2018இல் தன் கைபேசியில் புகுத்திய இரவுப்பட முறை, அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, இருட்டறையையும் வெளிச்சமாகக் காட்டுகின்றது. பிற நிறுவனங்களும் அதனைப் பின்தொடர்ந்தன. நம் கண்ணின் கதை வேறு. இருளுக்குப் பழக அதற்கு அரைமணி நேரம் வரை தேவை. பழகிய பின்னும் மங்கிய ஒளியில் அது வண்ணங்களைக் காண்பதில்லை. நிலவொளியில் கண் காணாத பச்சையையும் சிவப்பையும் காமிரா காட்டுகின்றது. அவ்வாறாயின் காமிரா காட்டுவது அந்த இரவா, அன்றி எவரும் காணாத ஒரு பொய்ப்பகலா?

இவ்வினா வெறும் கலைவினா அன்று. குடும்பங்களைத் தொடும் வினா. எரிக் ஸாலமன் என்னும் ஜெர்மானியர், 1928இல் எர்மனாக்ஸைத் தம் தொப்பிக்குள் மறைத்து நீதிமன்றத்தில் படமெடுத்துப் புகழ் பெற்றார். பளீரென்னும் மின்னொளி இருந்த வரையில், படம் எடுக்கப்படுகின்றது என்பதை எதிரே இருப்பவர் அறிவார், மறுக்கவும் இடமுண்டு. ஓசையும் ஒளியுமின்றி இருளில் பார்க்கவல்ல கருவி அந்த அறிவிப்பை நீக்கிவிட்டது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தி மயங்கும் முற்றம் ஒரு திரையாக இருந்தது. கல்யாண வீட்டின் உள்ளறையில் மங்கிய விளக்கே ஒரு முக்காடாக இருந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் அத்திரையை ஊடுருவும் கண் இருக்கின்றது. இருளில் பார்க்கும் ஆற்றல் பெற்றவனுக்கு, பார்க்காமல் விடும் அமானிதமும் உடன் வருகின்றது என்பேன்.

என் உம்மா தம் வாழ்நாளில் காமிராவின் முன் அமர்ந்தது ஒரே முறை; ஹஜ்ஜுப் பயணத்திற்கான பாஸ்போர்ட்டுக்காக. அச்சிறு படத்தில் அவர்களின் முகம் அச்சத்தால் இறுகியிருக்கும். நெடிய மின்வெட்டுகள் நிலவிய 2012ஆம் ஆண்டில், ஒருநாள் மஃக்ரிபு தொழுதுவிட்டு அரிக்கன் விளக்கின் பக்கத்தில் அமர்ந்து அவர்கள் தஸ்பீஹு ஓதிக்கொண்டிருந்தார்கள். “உம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். நெடுநேரம் பதிலில்லை. பிறகு, “அந்த மின்னல் வெளிச்சம் வேண்டாம் வாப்பா, கண்ணு கூசுது. எடுத்தா வீட்டோடே இருக்கணும். ஊருக்குள்ளே போகக்கூடாது” என்றார்கள். எஃப் 1.8; முப்பதில் ஒரு வினாடி; எண் 3200. கதவின் மீது முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி மூன்று படங்கள் எடுத்தேன். ஒன்று தேறியது. படத்தின் பெரும்பகுதி இருள். விளக்கின் பக்கமாக ஒரு கன்னம், முக்காட்டின் விளிம்பு, தஸ்பீஹு மணிகளின் மீது விரல்கள்.

மூன்றாண்டுகளுக்குப் பின் உம்மா வஃபாத்தானார்கள். பினாங்கிலிருந்த ராத்தாவால் உடனே வர இயலவில்லை. தொலைபேசியில் அழுதவாறே, “அந்தப் படத்தை வெளிச்சமாக்கிப் போன்லே அனுப்பி வையேன் தம்பி, முகம் முழுசாத் தெரியட்டும்” என்றார்கள். கணிப்பொறியில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். எளிதாகவே கூடியது. முகத்தின் மறுபாதி தெரிந்தது. அதனுடன் சுவரின் உதிர்ந்த சுண்ணாம்பு, மூலையிலிருந்த மருந்துப் புட்டிகள், கிழிந்த பாயின் ஓரம், எல்லாம் தெரிந்தன. உம்மா மட்டும் அன்று மாலை இருந்ததுபோல் இல்லை. நான் அனுப்பவில்லை. ராத்தா மனம் வருந்தினார்கள். சில மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. அவ்வருத்தத்தை நான் தாங்கத்தான் வேண்டியிருந்தது. கொடுத்த வாக்கு உம்மாவுக்குக் கொடுத்தது. அதனைத் தளர்த்தும் உரிமையுடையவர் இவ்வுலகில் இல்லை.

அடுத்த ஆண்டு ராத்தா ஊருக்கு வந்தார்கள். உம்மாவின் அறையில் அப்படம் அச்சிட்டு மாட்டப்பட்டிருக்கின்றது. முதலில் அவர்களுக்கு ஒரு கன்னம்தான் தெரிந்தது. விளக்கைப் போடவா என்று கேட்டேன், வேண்டாமென்று கையசைத்தார்கள். அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். கண் மெல்லப் பழகியிருக்க வேண்டும்.

“உதடு அசையுற மாதிரி இருக்குடா” என்றார்கள்.