கோயில் பின்பக்கம் கிடந்த புறா இறக்கை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க.

மூணு வாரமா நம்ம ஆலயத்தின் பின்பக்கம், மடப்பள்ளிச் சுவரோரம் புறா இறக்கைகள் கிடக்கின்றன. இரண்டு இறக்கையும் நெஞ்செலும்போடு ஒட்டியபடியே இருக்கு, சதை மட்டும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் வந்ததும் "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று ஒருவர். "உடனே பூசணிக்காய் சுத்தி உடைங்க" என்று இன்னொருவர். ரெண்டு குடும்பம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. காலையில பின்பக்கம் கூட்டிப் பெருக்குறது நான்தான். அதனால் எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

என் கடைசி மகள் நம்ம பக்கத்திலேயே, செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படத்தைக் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்தாள். "அப்பா, பூனை தின்னிருந்தா இறகோட தண்டையே மென்னு குதறியிருக்கும். மனுஷன் வெட்டினா கத்தி பட்ட இடம் தெரியும். இந்த நெஞ்செலும்பு ஓரத்துல சின்னச் சின்னதா கொத்தி எடுத்த மாதிரி இருக்கு பாருங்க. இது ஃபால்கன் வேலை" என்றாள். எனக்கு நம்பிக்கை வரல. பருந்து தெரியும், கழுகு தெரியும், இது என்ன புதுசா? "அடுத்த லீவுல என்கூட வாங்க, காட்டுறேன்" என்றாள்.

தைப்பூசம் முடிஞ்ச பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. நைட் ஷிப்ட் பார்த்ததுக்கு மாற்று விடுப்பு இருந்தது. செர்டாங்கிலிருந்து காலை கேடிஎம் பிடிச்சு நேரா பத்துமலை. முருகனைக் கும்பிட்டுட்டு, படிக்கட்டுக்கு எதிரே நிழலான இடமாப் பார்த்து உட்கார்ந்தோம். 42.7 மீட்டர் முருகன் சிலையைத் தாண்டி, மேல இருக்கிற சுண்ணாம்புப் பாறையைத்தான் பார்க்கணுமாம். இத்தனை வருஷம் பால்குடம் எடுத்து 272 படி ஏறியிருக்கேன், அந்தப் பாறையை ஒரு நாளும் நின்னு பார்த்ததில்லை.

ரெண்டு மணி நேரம் ஒண்ணுமில்லை. ஒரு கருடன் மட்டும் வட்டமடிச்சுது. கருடனை நம்ம எல்லாருக்கும் தெரியும். தலையும் நெஞ்சும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், மலாய்க்காரங்க ஹெலாங் மேரா என்பாங்க. கிள்ளான் ஆத்து மேலேயும் பழைய ஈய லம்பக் குட்டை மேலேயும் மீனுக்காகச் சுத்துறது அதுதான். நம்ம கும்பாபிஷேகத்தில் ஆகாயத்தைப் பார்த்து "கருடன் வந்துட்டார்" என்று கையெடுத்துக் கும்பிடுறோமே, அவர்.

பத்தரை மணிக்கு மேல, கீழே சோளம் பொறுக்கிக்கிட்டிருந்த புறா அத்தனையும் ஒரே நேரத்தில் குபீர்னு கிளம்புச்சு. "புறாவைப் பார்க்காதீங்கப்பா, மேலே பாருங்க" என்றாள் மகள். பாறையில் நீட்டிக்கிட்டிருந்த ஒரு காய்ஞ்ச மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. பைனாகுலரில் பார்த்தேன். முதுகு சிமெண்டு நிறம், தலை கறுப்பா ஹெல்மெட் போட்ட மாதிரி, கன்னத்தில் மீசை, காலும் கண்ணைச் சுத்தியும் மஞ்சள். காக்கையைவிடப் பெரிசில்லை. தமிழில் இதற்குப் பொரி வல்லூறு என்று பெயர். இங்கே பாறையிலேயே கூடு வைக்கிற வகை உண்டு, அதுக்கு நிறம் அடர்த்தி. ரஷ்யாவின் வடகோடிப் பனிநிலத்திலிருந்து குளிருக்கு இங்கே வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போறதும் உண்டு. நாங்க பார்த்தது நெஞ்சு வெளுத்து, உடம்பு பெருத்து இருந்தது. "வெளியூர்க்காரி" என்றாள் மகள். இந்த இனத்தில் பெண்தான் பெரிசு.

ரெண்டு தடவை பாய்ஞ்சுது, ரெண்டும் தவறிப்போச்சு. மூணாவது தடவை ரொம்ப உயரம் போய், இறக்கையை மடிச்சுக்கிட்டு கல்லு மாதிரி விழுந்தது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போகுமாம், உலகத்தில் இதைவிட வேகமான உயிர் கிடையாது. நான் பார்த்தது ஒரு கோடு, அப்புறம் காத்துல மிதந்து வந்த இறகு, அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ன ஒரு அம்மா "ஐயோ முருகா!" என்று கத்திட்டாங்க. "தம்பி, கல்லெடுத்து அடிங்க தம்பி, கோயில் வாசல்ல கொலை பண்ணுது!" ஒரு பையன் நிஜமாகவே கல்லைத் தேடினான். நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, அது ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து பசியில சாப்பிடுது. நாம கீழே போய் வடை சாப்பிடப் போறோம். அது வடை சாப்பிடாதும்மா" என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்திடுச்சு. பிறகு "இது எந்தச் சாமிக்கு வாகனம்?" என்று கேட்டாங்க. யாருக்கும் இல்லம்மா, சும்மா பறவை என்றேன்.

மத்தியானம் வெயிலில் ஒண்ணும் நடக்கல, தோசை சாப்பிட்டோம். சாயங்காலம் வௌவால் கிளம்புற நேரத்தில் திரும்ப வந்து பாறையைச் சுத்திச்சு. இருட்டுற வரைக்கும் இருந்தோம்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகுமுன் நம்ம கோயில் பின்னாடி இருக்கிற டெலிபோன் டவரை அண்ணாந்து பார்த்தேன். மேல் கம்பியில் அதே ஹெல்மெட், அதே மீசை. செய்வினைக்காரர் அவர்தான்!

இதை எழுத இன்னொரு காரணம் இருக்கு. கோபுரச் சுதை பொம்மையெல்லாம் புறா எச்சம் ஆயிடுச்சு, அரிசியில் மருந்து கலந்து வைக்கலாம் என்று போன கூட்டத்தில் சிலர் பேசினாங்க. அவங்க கஷ்டம் நியாயம்தான், கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க எவ்வளவு செலவாச்சுன்னு எனக்கும் தெரியும். ஆனால் மருந்து தின்ன புறா உடனே சாகாது. தள்ளாடிப் பறக்கும். வல்லூறு முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.

எஸ்டேட்டில் வளர்ந்தவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. செம்பனை மரத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டுவாங்க. அதே தோட்டத்தில் எலிக்கு மருந்தும் வைப்பாங்க. எலியைத் தின்ன ஆந்தை செத்துக் கிடக்கும். டிடிடி என்ற பூச்சிமருந்தும் அப்படித்தான். அது உடம்பில் சேர்ந்து, இந்த வல்லூறோட முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கிடுச்சாம். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் 1960களில் ஒரு ஜோடிகூட மிஞ்சல. 1972இல் அந்த மருந்தைத் தடை செஞ்சு, குஞ்சு வளர்த்து விட்டு, 1999இல்தான் அழியும் பட்டியலிலிருந்து எடுத்தாங்க. இப்போ நியூயார்க் கட்டடங்களில் கூடு கட்டுது. இந்தியாவில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்தால் செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போயிடுச்சு. 2006இல் தடை வந்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குப் பிரசாதம் சாப்பிட வந்த கழுகுகளைப் பற்றி எங்க அம்மா சொல்லுவாங்க. இப்போ அங்கேயும் வர்றதில்லை.

ஃபேக்டரியில் எண்ணெய் ஒழுகினால் நான் தரையை மட்டும் துடைக்கச் சொல்றதில்லை, எங்கே ஒழுகுதுன்னு பார்க்கச் சொல்வேன். நாலு நாள் நின்னு பார்த்தேன். அன்னதானம் முடிஞ்சு மிச்சச் சோறு பின்பக்கக் கால்வாயில் கொட்டுறோமே, புறா அங்கேதான் இறங்குது. கொட்டாத நாளில் பாதிக்கூட வரல. அதோட மடப்பள்ளிக் கூரை ஓட்டைக்குள்ள கூடு வச்சிருக்கு.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு கோத்தோங் ரோயோங். மூடி போட்ட குப்பைத் தொட்டி ரெண்டு நான் வாங்கித் தர்றேன். கூரை ஓட்டைக்குக் கம்பி வலை வேணும், சுமார் 20 அடி. நீளமான ஏணி வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு கொண்டு வாங்க. முட்டை, குஞ்சு இருக்கிற கூட்டை மட்டும் இப்போ தொட வேண்டாம், அதை அப்புறம் பார்த்துக்கலாம். சின்னப் பிள்ளைகளையும் அழைச்சிட்டு வாங்க, மகள் பைனாகுலர் எடுத்துட்டு வருவாள். ஏப்ரலுக்குப் பிறகு டவரில் ஆள் இருக்க மாட்டார்.