எண்ணினேன், எண்ணிக்கொண்டிருந்தேன்

போன வாரம், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஆங்கில இலக்கணப் பயிற்சித் தாளோடு என்னிடம் வந்தாள். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி. ஃபோன் மணி அடித்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று வர வேண்டும். அவள் "வென் தி ஃபோன் ராங், ஐ ஏட் லஞ்ச்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை 'ஏட்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, 'வாஸ் ஈட்டிங்' என்று திருத்தியிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே தாத்தா? ரெண்டுமே முடிஞ்சுபோன விஷயம். இதுக்குப் போய் ஒரு மார்க் குறைப்பாங்களா?" என்றாள்.

ஒரு மார்க்தானே, போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே வித்தியாசம் தெரியாமல் ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் நான்.

1983ஆம் வருடம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தேன். எங்கள் தலைமைக் காசாளருக்கு என்னைவிட இருபது வயது அதிகம். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பழைய எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு. நோட்டு எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆங்கிலம் என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்.

மாலையில் கணக்கு முடிந்ததும் மேனேஜரும் அவரும் சேர்ந்து ரொக்கத்தைச் சரிபார்த்து, ஆளுக்கொரு சாவி போட்டுப் பெட்டகத்தைப் பூட்ட வேண்டும். அதுதான் விதி. ஒருநாள் மேனேஜர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எண்ணிக்கை பாதியில் இருக்கும்போதே தன் சாவியையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. 5,000 ரூபாய். அண்ணனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, விளக்கம் கேட்டார்கள்.

அவர் நடந்ததைத் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, நீ பி.எஸ்ஸி. படிச்சவன். இதை இங்கிலீஷ்ல எழுதிக் குடுப்பா" என்றார். அதில் ஒரு வரி, "மேனேஜர் கிளம்பியபோது நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்." நான் எழுதியது, "வென் தி மேனேஜர் லெஃப்ட், ஐ கவுண்டட் தி கேஷ்."

ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பள்ளியில் நாங்கள் எல்லாரும் 'ஐ வாஸ் நோயிங்', 'ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்' என்று எழுதி, ஆங்கில வாத்தியாரிடம் குட்டு வாங்கியவர்கள். 'இங்' போட்டாலே தப்பு என்ற பயம் எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. அதனால் எங்கும் 'இங்' இல்லாமல் எழுதுவதுதான் நல்ல ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாளில் நிர்வாகத் தரப்பு அதிகாரி அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் இருந்தவரை சும்மா இருந்துவிட்டு, அவர் போன பிறகு தனியாக எண்ணினீர்கள், அப்படித்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். கேள்வி சரியாக விளங்காமல், அண்ணன் "எஸ் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

மதிய இடைவேளையில், அவருக்காக வாதாட வந்த சங்கத் தோழர் வெளியே வந்தார். "யாரப்பா இந்த விளக்கத்தை எழுதினது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். 'கவுண்டட்' என்றால் மேனேஜர் போனார், அதற்குப் பின் இவர் எண்ணினார் என்றுதான் படிப்பார்கள். 'வாஸ் கவுண்டிங்' என்றால் எண்ணிக்கை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, நடுவில் மேனேஜர் போனார் என்று ஆகும். அவர் இதைச் சொன்னபோது எனக்குக் கை கால் நடுங்கியது.

நல்ல வேளையாக அண்ணன் அந்தத் தமிழ்க் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். பிற்பகல் நான் சாட்சியாகப் போய், மொழிபெயர்ப்பில் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். விசாரணை அதிகாரி தமிழர். காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அண்ணனைப் பார்த்து "நடந்ததைத் தமிழிலேயே சொல்லுங்க" என்றார். "எண்ணிக்கிட்டிருந்தேன் சார், பாதியில எழுந்து போயிட்டாரு" என்றார் அண்ணன். அது பதிவாயிற்று.

வேலை தப்பியது. இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டது குற்றம்தான் என்று ஓர் இன்கிரிமென்ட் வெட்டினார்கள். மேனேஜருக்கும் மெமோ போனது. ஆனால் இதெல்லாம் முடிய எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை அண்ணன் வீடு பிழைப்பூதியத்தில் ஓடியது. மகள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மன்னிப்புக் கேட்கப் போனபோது, "எழுதிக் குடுக்கவாவது நீ வந்தியே தம்பி" என்று சொல்லி மோர் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த வழியையும் சொன்னேன். முதலில் தமிழில் நினைத்துப் பார். 'கொண்டிருந்தேன்' என்று வந்தால், பெரும்பாலும் அங்கே பாஸ்ட் கன்டினியுவஸ்தான். ஐ, ஹி, ஷி, இட் வந்தால் 'வாஸ்'. யூ, வி, தே வந்தால் 'வேர்'. பிறகு வினையோடு 'இங்'. நீளமாக நடந்துகொண்டிருந்த வேலைக்கு இது. குறுக்கே வந்து விழுந்த வேலைக்குச் சாதாரண இறந்தகாலம். ஃபோன் 'ராங்', நான் 'வாஸ் ஈட்டிங்'. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தால், 'ஒயில்' போட்டு இரண்டுக்கும் 'இங்' கொடுக்கலாம்.

எங்கே கூடாது என்பதற்கும் தமிழே கை கொடுக்கும். 'எனக்கு விடை தெரிந்துகொண்டிருந்தது' என்று நாம் சொல்வதில்லை. அதனால் 'வாஸ் நோயிங்' கிடையாது. சில இடங்களில் தமிழ் நம்மை ஏமாற்றும். 'சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம்' என்போம். அது பழக்கம். அதற்கு ஆங்கிலத்தில் 'வி யூஸ்ட் டு பேத்' என்பதுதான் பொருத்தம்.

எங்கள் வாத்தியார் சொன்னதில் தவறில்லை. பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவன் நான்.

பேத்தி தாளைச் சரிசெய்து முடித்தாள். "அந்த 5,000 ரூபாய் கிடைச்சுதா தாத்தா?" என்று கேட்டாள்.

கிடைக்கவில்லை. மாதாமாதம் அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள். கடைசித் தவணை கட்டிய அன்று, எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.