சுவருக்குப் பலகை

அறைச் சுவருக்குப் பலகை பதிக்கும் வழக்கம் குளிர்நாடுகளுக்கு உரியது. கற்சுவரின் குளிர்மை உள்ளே இறங்காதிருக்க இங்கிலாந்தின் பழைய மாளிகைகளில் ஓக்குப் பலகை பதித்தனர். எமது யாழ்ப்பாணத்திற் குளிர் இல்லை. ஈரமும் கறையானும் உண்டு. இங்கும் படிப்பறையிலும் விறாந்தையிலும் பலகை பதிக்கும் ஆசை இப்பொழுது வளர்ந்து வருகின்றது. ஆசை நன்றே. ஆயினும் பலகையைத் தெரியுமுன் சுவரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

எம் அன்னையாருக்கு எழுபத்தைந்து வயது. தொய்வு நோயும் உண்டு. அவர் படுக்கும் அறையின் வடசுவர் மாரிதோறும் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். கனடாவிலுள்ள எம் தமையனார், “சுவரை மூடிப் பலகை அடித்துவிடு, செலவை நான் அனுப்புகிறேன்” என்று தொலைபேசியிற் கூறினார். அருகிலிருந்து கேட்ட அன்னையார், “நனைஞ்ச பிள்ளையைத் துடையாமல் சட்டை போடுவினமோ, மோனை?” என்றார்.

அவர் கூற்றே சரியானது. எம்மவரின் பழைய வீடுகள் பல சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. கல்லிலும் சாந்திலுமுள்ள நுண்டுளைகள் வழியே நிலத்தின் ஈரம் மேலேறிச் சுவரின் முகத்திற் காற்றுப்பட்டு உலரும். அம்முகத்தை மூடினால் ஈரம் பலகையின் பின்னே தங்கும். பூஞ்சணம் கண்ணுக்கு மறையுமேயன்றி மூச்சுக்கு மறையாது. இருளும் ஈரமும் கூடிய அவ்விடத்தைக் கறையானும் நாடும்.

ஆதலின் ஓராண்டுக்குப் பலகையை நினையாது சுவரையே கவனித்தோம். வெளிப்புறம் உயர்ந்து கிடந்த மண்ணை வெட்டித் தாழ்த்தினோம். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதவாறு பீலி அமைத்தோம். உட்புறத்துச் சீமெந்துப் பூச்சைக் கொத்தி நீக்கிச் சுண்ணச்சாந்து பூசினோம். அடுத்த மாரியிற் சுவர் பெரும்பாலும் உலர்ந்தே நின்றது.

அதன் பின்னரே மரத்தைப் பற்றி எண்ணினோம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகள் கண்ணுக்கு அழகியவை. நீர் பட்டால் ஊதிப் பிளக்கும். பைன் மரம் கறையானுக்கு நல்விருந்து. தேக்கு நன்று, விலை பெரிது. பனையின் வைரம் உறுதியானது. ஆயினும் இழைப்பது கடினம், சிராய் ஏறும். பலாவின் வைரப்பகுதி கறையானை எதிர்த்து நிற்கும். வெளிப்புற வெள்ளைப்பகுதி நில்லாது. இடித்த பழைய தலைவாசலின் பலாப்பலகைகள் எம்மிடம் இருந்தமையால் மரம் தறிக்க நேரவில்லை. சொந்த வளவிற் பலா நிற்பவரும் அனுமதியின்றித் தறித்தலாகாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைக் காக்கின்றது.

சுவரின் நீளம் 12 அடி. பலகையின் உயரம் 3½ அடி. 4 அங்குல அகலப் பலகை 36 தேவை. கழிவுக்கு மேலும் நான்கைச் சேர்த்துக்கொண்டோம். அறுத்த பலகைகளை இரு வாரம் அவ்வறையிலேயே அடுக்கி வைத்தோம். அறையின் காற்றுக்கு மரம் இணங்கவேண்டும். மரம் நீளவாட்டில் அசைவது மிகச் சிறிது. அகலவாட்டிலேயே சுருங்கும், விரியும். சோளகம் வீசும் ஆவணியில் இறுக்கிப் பொருத்திய பலகை, மழை பெய்யும் கார்த்திகையிற் புடைத்தெழும்.

ஆகவே, வந்த ஆசாரியார் பலகைகளுக்கிடையே இரண்டு மூன்று தபாலட்டைகளின் தடிப்பளவு இடம் விட்டார். ஒரு பலகையின் நாக்கு மற்றதன் தவாளிப்பினுள் நிற்பதால் அவ்விடைவெளி வெளியே தெரிவதில்லை. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் ஓரத்தில் மாத்திரமே ஆணி; மற்ற ஓரம் அசையலாம். சுவரில் முதலிற் பனஞ்சிலாகைகளைக் கிடையாக அறைந்து, அவற்றினிடையே ஆங்காங்கு வெளி விட்டு, அடியிலும் முடியிலும் ஓரங்குலம் திறந்து வைத்தமையாற் பின்னே காற்று ஓடுகின்றது. பலகையின் இரு முகத்துக்கும் வார்னிஷ் பூசவேண்டும்; ஒரு முகத்துக்கு மாத்திரம் பூசினால் வளையும்.

சென்ற மாரியில் அன்னையார் தொய்வினால் இரவில் எழுந்தமர்ந்தது சில நாளே. அந்நன்மை பலகையால் வந்ததன்று. சுவர் உலர்ந்தமையால் வந்தது. பலகை அச்சுவருக்கு அழகு தந்தது, அவ்வளவே.

இவ்வேலையை எண்ணியிருக்கும் அன்பர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம்; மாணவரும் செய்யத்தக்கது. மாரிகாலத்தில் ஒரு முழச் சதுரப் பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதவாறு ஒட்டுக. இரண்டு மூன்று நாளின் பின் நோக்குக. தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி கண்டால் அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்தாற் போதும். உள்முகத்திற் கண்டால் சுவரின் ஈரம். அதைத் தீர்க்கும்வரை ஆசாரியாரை அழையாதிருத்தல் நன்று.