கேளாத வினா

எம் கல்லூரியில் விலங்கியலையும் தாவரவியலையும் ஓராசிரியரிடமே கற்றோம். மருத்துவம் பயிலப் புகுந்தபோது விலங்கை மறந்தோம். வைத்தியரானபின் மண்ணையும் நீரையும் மறந்தோம்.

2008ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருகி, 7000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவரென ஐயுறப்பட்டனர். அவ்வாண்டு யாம் பணியாற்றிய வைத்தியசாலைக்கு ஒரு கமக்காரர் கண் மஞ்சளாகி, சிறுநீர் குன்றி வந்தார். பென்சிலின் ஏற்றினோம், பிழைத்தார். அதனைப் பெருமையாகவே எண்ணியிருந்தோம். தந்தை படுக்கையிற் கிடந்த நாள்களில் அவர் வயலில் இறங்கி வேலை செய்த மகன் பின்னர் வந்தான். அவன் பிழைக்கவில்லை.

பல்லாண்டு கழித்து, மனிதர், விலங்கு, சுற்றாடல் ஆகிய மூன்றன் நலத்தையும் ஒருங்கே கற்பிக்கும் பட்டப்பின் பயிற்சியொன்றிற் சேர்ந்தோம். அங்கே இதனைக் கூறியபோது அருகிருந்த மிருக வைத்தியர், "அந்த வீட்டில் மாடுகள் எத்தனை, டொக்டர்? கருச் சிதைந்ததுண்டா?" என வினவினார். எம்மிடம் விடை இல்லை. கிருமி எலியின் சிறுநீரகத்தில் மட்டுமன்றி மாடு, எருமைகளினதிலும் தங்கி, சிறுநீரோடு வயல்நீரிற் கலந்து, காலின் வெடிப்பு வழியே உடலிற் புகும் என்று பரீட்சைக்கு எழுதியவர்தாம் யாம்!

ஒருநாள் மூவருமாக வயலுக்குச் சென்றோம். மிருக வைத்தியர் எருமையின் பின்னே குடுவையேந்தி ஒரு மணிநேரம் நின்றார்; எருமைக்கோ அவசரமில்லை. நீரியல் கற்றவர் வாய்க்கால் வரும் வழியைத் தேடி வரம்போடு நடந்தார். யாம் கமக்காரரின் பாதங்களை நோக்கியிருந்துவிட்டு, "எங்கே குளிக்கிறனீங்கள்?" என்று கேட்டோம்.