பறக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே மிகக் குறுகிய வான்தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானம், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும், ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். 2022 தொடக்கம் வரை பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானங்கள் அப்படித்தான் பறந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் பயண நேரம் சுமார் 13 மணி நேரமானது. கூடுதலான இந்த மூன்றரை மணி நேரத்தின் மூலத்தைத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது உக்ரைன் போர். ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் வானை மூடியது. பதிலுக்கு, பிப்ரவரி 28 அன்று 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா தடை விதித்தது. ரஷ்யாவின் சைபீரியாவுக்கு மேலாகச் செல்லும் குறுகிய வழி அடைபட்டதால், வட துருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாகவோ, தெற்கே துருக்கி, கஜகஸ்தான், சீனா வழியாகவோ சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

தேடலை இங்கேயே முடித்துக்கொள்ள முடியாதபடி தடுக்கிறது பழைய கணக்கு ஒன்று. 1983இல் ஃபின்ஏர் இதே தடத்தில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோதும் பயணம் ஏறக்குறைய 13 மணி நேரம்தான். கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானம், சோவியத் வானைத் தவிர்த்துத் துருவத்தின் மேலாகப் போனது. ஆக, 2022இல் பிறந்ததாகத் தோன்றும் எண்ணுக்கு வயது அதிகம். அதன் வேர் 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையிலும் 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையிலும் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்று அவை ஏற்றுக்கொண்டன. நிலத்தில் வரைந்த எல்லைக்கோடு அப்போதே வானத்துக்கும் ஏறிவிட்டது.

காற்றுதான் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்று சிலர் சொல்லலாம். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வான் காற்றோட்டம் போகும் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும். இரண்டுமே ஒருசேர நீண்டதை விளக்காது. விமானத்தின் வேகமும் காரணமல்ல. டிசி-10க்கும் இன்றைய ஏ350க்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. போர்க்காலம் விதிவிலக்குதானே என்ற மறுப்பு இவற்றைவிட வலுவானது. ஆனால், உறவு சுமுகமாக இருந்த ஆண்டுகளிலும் சைபீரிய வழிக்காக ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குக் கட்டணம் செலுத்தி வந்தன. தடை வந்த பிறகும் சீன நிறுவனங்கள் அதே வானில் ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. வானம் ஒன்றுதான், விமானம் எந்த நாட்டினுடையது என்பதைப் பொறுத்து வழி மாறுகிறது. ஆகவே, பூமியின் வடிவமும் எந்திரத்தின் திறனும் பயண நேரத்துக்கு ஒரு கீழ்வரம்பை மட்டுமே தருகின்றன. அந்த வரம்புக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்பது, வழியிலுள்ள நாடுகள் தரும் அனுமதியைப் பொறுத்தது.